காத்திருப்பு வீட்டின் இரண்டாவது ஆப்ஷன்

வேலூரில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து, பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, கம்ப்யூட்டரில் கட்டடம் செய்யக் கற்றுக்கொண்டவள் நான். வரைவது என்று சொல்லாமல் செய்வது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போதெல்லாம் யாரும் கோடு கோடாக வரைவதில்லை. சுவர், கதவு, படி, கூரை எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் நிஜக் கட்டடம் மாதிரியே எழுப்புகிறோம். அதை எங்கே வெட்டினாலும் ஒரு வரைபடம் கிடைக்கும்.

ஆபீஸில் நாங்கள் மூன்று பேர்தான் முக்கியம். சார், அதாவது ஆபீஸின் உரிமையாளர். வாணியம்பாடியிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் ஒரு அண்ணன், என்னைவிட பத்து வயது மூத்தவர். அப்புறம் நான். அண்ணன் சைட் ஃபைலைப் பார்த்துக்கொள்வார். அதில் நிலம், மேடு பள்ளம், பாதை, தண்ணீர்க் குழாய் எல்லாம் இருக்கும். கட்டடங்களை நான் தனித்தனி ஃபைலாகச் செய்வேன். அவற்றை அண்ணன் தன் சைட் ஃபைலுக்குள் லிங்க் செய்துகொள்வார். நான் என் ஃபைலில் ஒரு சன்னலை நகர்த்தினால் அவருடைய படத்திலும் அது நகரும். காண்ட்ராக்டர் கைக்குப் போகும் வரைபடங்கள் எல்லாம் சைட் ஃபைலிலிருந்துதான் போகும்.

மலைமேல் இருக்கும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பக்கத்தில் கர்ப்பிணிப் பெண்களுக்கு ஒரு காத்திருப்பு வீடு கட்டுவதாக ஓர் அறக்கட்டளை முடிவு செய்து, வேலை எங்கள் ஆபீஸுக்கு வந்தது. பாதையில்லாத ஊர்களில் இருக்கும் பெண்கள் வலி வருவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே வந்து ஆஸ்பத்திரி பக்கத்தில் தங்கிக்கொள்வதற்கான வீடு அது. என் ஊரிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேர நடை. நான் பிறந்தது வீட்டில். எனக்கு முன்னால் பிறந்த ஒன்று வழியிலேயே போய்விட்டதாக அம்மா சொல்வாள். எனவே அந்த வேலை வந்த அன்றைக்கு நான் ஆபீஸில் சாப்பிடக்கூட இல்லை. உட்கார்ந்து ஃபைல் தொடங்கிவிட்டேன்.

முதலில் சார் ஒரு வடிவம் சொன்னார். ஒரே நீள ஹால், எட்டு கட்டில், முன்னால் வராண்டா. கழிப்பறை தனியாக வேண்டாம், ஆஸ்பத்திரியின் பழைய கழிப்பறை பன்னிரண்டு படி கீழே இருக்கிறது, அதையே பயன்படுத்திக்கொள்ளட்டும் என்றார். அதைச் செய்துவிட்டு, அங்கே தங்கப்போகிறவர்களிடம் ஒரு தடவை கேட்டுவிடலாமா சார் என்றேன். கேட்கலாமே, உனக்குத்தான் அவங்க பேச்சு தெரியுமே என்று என்னையும் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்தார்.

டாக்டர் பார்க்கும் நாள் அது. செவிலியர் அக்கா வேப்பமரத்தடியில் பெண்களை உட்கார வைத்திருந்தார். முப்பது நாற்பது பேர் இருக்கும். சார் பேசியபோது யாரும் வாய் திறக்கவில்லை. நான் பேச்சுக் கொடுத்த பிறகு, எட்டு மாசத்தில் இருந்த ஒரு பெண் ஆரம்பித்தாள்.

"ஆஸ்பத்திரில குடுக்கறத நான் துன்னுக்குவேன். எங்கூட வர்ற மாமியாளும் ரெண்டு புள்ளைங்களும் இன்னா துன்னும்? அடுப்பு வெக்க எடம் குடுங்க. நாங்களே களி கிண்டிக்கிறோம்."

அதற்குப் பிறகு எல்லோரும் பேசினார்கள். ஒரே ஹாலில் அடுத்த ஊர் ஆம்பிளைகள் வந்துபோகும் இடத்தில் எப்படிப் படுப்பது என்றார்கள். துணைக்கு வருகிறவளுக்கு ஒரு பாய் போட இடம் வேண்டும். வயிற்றைத் தூக்கிக்கொண்டு மழையில் படி இறங்க முடியாது. விறகு நனையாமல் வைக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். அவர்கள் கேட்டது ஐந்தே விஷயம்தான்.

ஆபீஸுக்கு வந்து இரண்டாவது வடிவத்தைச் செய்தேன். ஹாலுக்குப் பதிலாக மூன்று அறை, ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டிலும் துணை ஆள் பாய் விரித்துப் படுக்க அகலச் சிமெண்டுத் திண்டும். பின்னால் மூன்று அடுப்புள்ள சமையல் கொட்டகை, ஓரத்தில் விறகு அடுக்க ஒரு மாடம். கழிப்பறை அதே மட்டத்தில், படியே இல்லாமல். அதற்கு இடம் வேண்டுமென்றால் பின்பக்கத்துப் பாறையைக் கொஞ்சம் உடைத்து, மேலிருந்து மண் சரியாமல் ஒரு தாங்கு சுவர் எழுப்ப வேண்டும். அதையும் செய்து காட்டினேன்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஒரே கட்டட ஃபைலுக்குள் ஒரு பகுதிக்கு இரண்டு மூன்று வடிவங்களை வைத்துக்கொள்ளலாம். அவற்றை ஆப்ஷன் என்கிறோம். அவற்றில் ஒன்றுதான் பிரைமரி. யாரும் எதுவும் சொல்லாவிட்டால், லிங்க் செய்த எல்லா இடத்திலும் அந்தப் பிரைமரிதான் தெரியும். இரண்டாவது ஆப்ஷன் தெரிய வேண்டுமென்றால், சைட் ஃபைலில் ஒவ்வொரு படமாகப் போய், இந்த லிங்குக்கு இந்த ஆப்ஷனைக் காட்டு என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். முடிவு எடுத்த பிறகு, பிரைமரியை ஏற்றுக்கொள் என்று ஒரு கட்டளை கொடுத்தால் மற்ற ஆப்ஷன்கள் ஃபைலிலிருந்தே அழிந்துபோகும். அழிப்பதற்கு முன் ஒரு தடவை கேட்கும். அவ்வளவுதான்.

சாரின் ஹால் முதலில் செய்தது என்பதால் அதுதான் பிரைமரியாக இருந்தது. என்னுடையது இரண்டாவது.

ஆஸ்பத்திரியில் திரை கட்டி எல்லோருக்கும் படம் போட்டுக் காட்டிய அன்றைக்கு, சார் இரண்டாவது ஆப்ஷனைத்தான் காட்டினார். பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கொட்டகையையும் அடுப்பையும் பார்த்ததும் அந்த எட்டு மாசக்காரி பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்து, "பார்றி, அடுப்ப வெச்சிகிறாங்க" என்றாள். அறக்கட்டளையிலிருந்து வந்த அம்மா இதையே கட்டலாம் என்றார். கை தட்டினார்கள். நான் செவிலியர் அக்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அழுதுவிட்டேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

முடிவாகிவிட்டதே, இரண்டாவதையே பிரைமரியாக மாற்றிவிடட்டுமா என்று சாரைக் கேட்டேன். இப்போது வேண்டாம் என்றார். ஹாலின் சுவரைப் பிடித்து அண்ணன் நிறைய அளவு போட்டிருந்தார். மாற்றினால் அவை போய்விடும். அது நியாயமான காரணம்தான், பொய்யில்லை. எனவே நானும் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஏழு படங்களிலும் இரண்டாவது ஆப்ஷன் தெரியும்படி வைத்தோம். ஒவ்வொன்றையும் நான் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன்.

மறுவாரம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம் ஊரில் கிடந்தேன். திரும்பி வந்தபோது மலை வேலையின் வரைபடங்கள் காண்ட்ராக்டருக்குப் போய்விட்டிருந்தன. எனக்காகக் கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம் காத்திருந்தது. எல்லாம் சரியாகப் போனதா என்று அண்ணனைக் கேட்டேன். போய்டுச்சு மா என்று சொல்லி, திரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூரில் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். சன்னல் வழியாக அஸ்திவாரம் தோண்டியிருப்பதைப் பார்த்து எழுந்து நின்றேன். ஒரே நீளப் பெட்டியாக இருந்தது. குறுக்குச் சுவர் இல்லை. பின்னால் பாறை அப்படியே இருந்தது. நான் அங்கேயே இறங்கிவிட்டேன். பஸ் போனது. மேஸ்திரியிடம் வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். எங்கள் ஆபீஸ் பெயர் இருந்தது. உள்ளே இருந்தது ஹால்.

சாருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். ஃபைல்ல பிரச்னை ஆயிருக்கும் மா, லிங்க்ல ஆப்ஷன் சரியா நிக்கல போலிருக்கு, நீ உடம்பு சரியில்லாத அவசரத்துல விட்டுட்டிருப்ப என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நம்பினேன்.

அடுத்த வாரம் அறக்கட்டளை அம்மா வந்தபோது என்னையும் அறைக்குள் கூப்பிட்டார். அவர்கள் முன்னால், "எங்க பொண்ணுதான், சாஃப்ட்வேர்ல ஒரு சின்னத் தப்பு பண்ணிடுச்சு. அதுவும் அந்த மலைப் பொண்ணுதான், வேணும்னு பண்ணியிருக்காது" என்றார். அந்த அம்மா என் கையைத் தட்டிக் கொடுத்து, பரவாயில்லை என்றார். திறப்பு விழாவுக்கு நாள் வைத்தாகிவிட்டது, இனி நிறுத்த முடியாது, இருப்பதையே நல்லபடியாகக் கட்டுவோம் என்று முடிவானது. அண்ணன் அந்த அறையில்தான் இருந்தார். மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஏழு படங்களையும் பிரிண்ட் எடுத்துப் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும், காய்ச்சல் தொடங்கிய நாட்கள் அவை, ஒருவேளை கடைசியில் எதையாவது தொட்டிருப்பேனோ என்று நினைத்தேன். ஃபைல் சர்வரில்தான் இருந்தது. திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

சார் சொல்லியனுப்பியதால், மலையில் அந்தப் பெண்களிடம் போய் நானே சொன்னேன். அதே வேப்பமரம். இந்தத் தடவை சார் வரவில்லை. தப்பு என்னோடது, கம்ப்யூட்டரில் நான் சரியாக வைக்காததால் வேறு படம் போய்விட்டது, மன்னிச்சிக்குங்க என்றேன். யாரும் திட்டவில்லை. எட்டு மாசக்காரியாக இருந்தவள் இப்போது இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். நிதானமாகத்தான் கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல தப்பு நடந்தா கம்ப்யூட்டர்லயே சரி பண்ணக் கூடாதா? இன்னும் செவுரே எழும்பலியே."

நாள் குறிச்சிட்டாங்க என்றேன். அவள் பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "சரி, வுடு" என்று போய்விட்டாள்.

வீட்டில் அம்மாவிடமும் என் கூடப்பிறந்த அண்ணனிடமும் இதைச் சொன்னேன். அவன் சாமையும் கேழ்வரகும் போட்டு, புளிக் காலத்தில் மரம் உலுக்கப் போகிறவன். என்னைப் படிக்க அனுப்பியவன் அவன்தான். "தப்பு பண்ணாம யாரு வேல செய்றாங்க" என்று அன்றைக்குச் சொன்னான்.

வீடு கட்டித் திறந்தார்கள். மறுவருஷம் அண்ணி முதல் பிள்ளையைச் சுமந்தாள். செவிலியர் அக்கா வற்புறுத்தியதால், நாள் நெருங்கியதும் அம்மாவோடு அந்தக் காத்திருப்பு வீட்டுக்குப் போனாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஹாலில் கட்டில் கர்ப்பிணிக்கு மட்டும் என்று சொல்லி அம்மாவைத் தரையில் படுக்கச் சொன்னார்கள். அண்ணிக்குச் சாப்பாடு வந்தது. அம்மாவுக்கு இல்லை. டீக்கடையில் பன் வாங்கித் தின்றுவிட்டு இரண்டு நாள் ஓட்டினாள் அம்மா. சர்க்கரை இருக்கிற உடம்பு, மூன்றாம் நாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். அண்ணி ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு படியையும் பாசியில் பிடித்துப் பிடித்து இறங்கி ஏறினாள். ஒருமுறை சறுக்கி உட்கார்ந்தாள். அடி இல்லை, பயம்தான். நாலாம் நாள் காலையில் இரண்டு பேரும் துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். செவிலியர் அக்கா ரோடு வரைக்கும் வந்து திட்டியிருக்கிறார். கேட்கவில்லை.

ஊருக்குப் போன ஐந்தாம் நாள் வலி எடுத்தது. டோலி கட்டி ரோட்டுக்குத் தூக்கி வந்து, அங்கிருந்து ஜீப். ஆஸ்பத்திரிக்கு இரண்டு வளைவு இருக்கும்போது ஜீப்பிலேயே குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, நன்றாக இருந்தாள். ரத்தம் மட்டும் நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் வேலூருக்கு இறக்கினார்கள். அண்ணியின் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

ஆபீஸிலிருந்து ஓடினேன். அண்ணன் வார்டுக்கு வெளியே, சுவரோரமாகத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வேட்டியில் ரத்தம் காய்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். வேட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அது நீ போட்ட வூடுதான பாப்பா?"

"ஆமாண்ணா" என்றேன்.

அவன் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனான். அன்றிலிருந்து அவனாக என்னிடம் பேசுவது நின்றது. நான் கேட்டால் பதில் சொல்வான். பண்டிகைக்குப் போனால், வந்துட்டியா என்பான். அவ்வளவுதான்.

நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஃபைலில் ஆப்ஷன் என்று வந்தாலே ஒரு படத்தைப் பத்துத் தடவை சரிபார்ப்பேன். சார் அதைப் பார்த்துவிட்டு, தப்பு பண்ணாத்தான் புத்தி வரும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அண்ணிக்கு அப்படி ஆகி எட்டு மாதம் கழித்து வாணியம்பாடி அண்ணனுக்கு சவுதியில் வேலை கிடைத்தது. கடைசி நாள் மத்தியானம், வா மா டீ குடிக்கலாம் என்று எதிர்க் கடைக்குக் கூப்பிட்டார். லேப்டாப் பையையும் எடுத்து வந்தார். டீ வந்தது. அவர் தொடவில்லை.

"அந்த மலை வேலைல நீ எந்தத் தப்பும் பண்ணல மா. நாந்தான் பண்ணேன். சார் பக்கத்துல நின்னுகினு சொன்னார், நான் பட்டன அமுக்கினேன்."

எனக்கு முதலில் அர்த்தமே புரியவில்லை. அவர் லேப்டாப்பைத் திறந்து இரண்டு ஃபைல் காட்டினார். ஒன்று, நான் ஊரில் படுத்திருந்தபோது ஒரு நாள் காலையில் அவர் எடுத்து வைத்த காப்பி. அதில் என் மூன்று அறையும், கொட்டகையும், விறகு மாடமும் இருந்தன. இன்னொன்று அதே நாள் சாயங்காலத்துக் காப்பி. அதில் ஹால் மட்டும்தான். ஆப்ஷன் என்ற பட்டியலே காலியாக இருந்தது. பிரைமரியை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அழியப்போகிறது, சரியா என்று அது கேட்டிருக்கும். சரி என்று சொல்லியிருக்கிறார்கள்.

நடந்ததைச் சொன்னார். காண்ட்ராக்டர் மலைக்குப் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு, இதை உடைத்துத் தாங்கு சுவர் எழுப்பினால் சொன்ன நாளில் முடியாது என்று கையை விரித்துவிட்டான். அறக்கட்டளையில் பெரிய ஆட்களை அழைத்துத் திறப்பு விழாவுக்கு நாள் குறித்திருந்தார்கள். தாமதமானால் அடுத்தடுத்த வேலைகள் வேறு ஆபீஸுக்குப் போய்விடும் என்று சாருக்குப் பயம். ஹாலையே அனுப்பிடு, நான் அவங்ககிட்டப் பேசிக்கிறேன் என்றாராம். பேசவில்லை. நான் அஸ்திவாரத்தைப் பார்த்துப் போன் செய்தபோது, வாயில் வந்த காரணத்தைச் சொல்லிவிட்டார். அது நன்றாகவே பொருந்திவிட்டது.

"நீ திரும்பி வந்ததும் சொல்லிடுவார்னு நெனச்சேன்" என்றார் அண்ணன்.

"சொல்லலியே."

"ம். நானும் சொல்லல. வூட்ல ரெண்டு தங்கச்சிங்க கல்யாணத்துக்கு நிக்குது, வேலை போய்ட்டா இன்னா பண்றதுன்னு இருந்துட்டேன். மாஃப் பண்ணிடு மா."

என் அண்ணிக்கு நடந்தது அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர் அவர். வார்டில் என் அண்ணன் பக்கத்தில் நின்று, அல்லா பாத்துக்குவார் என்று ஆறுதல் சொன்னவர். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு ஃபைலையும் என் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள் என்றேன். போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் சாரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். முடிவு நான் எடுத்ததுதான், வேறு வழியில்லை, ஒன்றுமே கட்டாமல் போவதற்கு இது மேல் என்று நினைத்தேன் என்றார். அதையெல்லாம் நான் கேட்கவில்லை, எதற்காக என் தலையில் போட்டீர்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நீ அவங்க ஊர்ப் பொண்ணு. உன்ன அவங்க மன்னிச்சிடுவாங்க. என்ன மன்னிக்க மாட்டாங்க."

இதைச் சொன்ன பிறகும், தான் சொன்னதில் தவறு எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் அறக்கட்டளைக்கும் உண்மையை எழுதிக் கொடுங்கள் என்றேன். நீயே எழுது, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எழுதினேன். இரண்டு தடவை திருத்தச் சொன்னார். மூன்றாவது தடவை வாங்கி மேசை டிராயரில் வைத்தார். ஒரு மாதம் பார்த்துவிட்டு வேலையை விட்டேன். இரண்டு ஆப்ஷனின் படத்தையும் வைத்து நானே அறக்கட்டளைக்கு எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. தெரியப்படுத்தியதற்கு நன்றி, இனிவரும் பணிகளில் கவனத்தில் கொள்வோம்.

ஊருக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். நிலத்தில் கேழ்வரகுக் கதிர் அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டான். அவன் முகம் இளகும், பாப்பா என்று கூப்பிடுவான் என்று எதிர்பார்த்துத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

"அப்ப, தப்பு உன்னுதுன்னு எதுக்கு ஒத்துக்கின?" என்றான்.

எனக்குத் தெரியாதுண்ணா, அவர் சொன்னதை நம்பிட்டேன் என்றேன்.

"அந்த ஃபைல தொறந்து பாக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு நிமிஷம்."

அவன் கையில் இருந்த அரிவாளைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அன்னிக்கு செவுரு எழும்பல" என்றான். பிறகு குனிந்து அடுத்த பிடியை அறுக்க ஆரம்பித்தான்.

அவன் சொன்னது சரி. அஸ்திவாரம் மட்டும் இருந்த அந்த வாரம் நான் ஃபைலைத் திறந்திருந்தால், இரண்டாவது ஆப்ஷன் இல்லை என்பதைப் பார்த்திருப்பேன். நான் செட்டிங்கில் தவறவிட்டிருந்தால் ஒரு ஆப்ஷன் மறைந்து நிற்குமே தவிர அழிந்துபோகாது. அழிய வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து அழிக்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அறக்கட்டளை அம்மா முன்னால் பேசியிருக்கலாம். நிறுத்தியிருக்க முடியுமா என்று சொல்ல முடியாது. கேட்டாவது இருப்பார்கள்.

ஏன் திறக்கவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பயம்தான். தப்பு நிஜமாகவே என்னுடையதாக இருந்துவிட்டால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம். அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே, மலைப் பொண்ணு, அதுக்கு எங்க இதெல்லாம் வரப்போகுது என்று யாராவது ஒருநாள் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். ஒருவர் வந்து சொன்னதும், இதோ வந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டேன். சாருக்கு அது தெரிந்திருக்கிறது. என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அண்ணிக்கு நானே சொல்லவில்லை. அண்ணன் சொல்லியிருக்கிறான். பொங்கலுக்குப் போனபோது, அந்த இன்னொரு வூட்ட காட்டு என்று கேட்டாள். போனில் படத்தை எடுத்துக் கொடுத்தேன். விரலால் பெரிசாக்கிப் பார்த்தாள். எந்த அறை தனக்கு வந்திருக்கும் என்று கேட்டாள். காட்டினேன். அத்தை எங்கே படுத்திருப்பாங்க என்றாள். திண்டைக் காட்டினேன். பெண் குழந்தை போனைப் பிடுங்க வந்தது. அண்ணி அதன் கைக்கு எட்டாமல் போனைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு மாவு இடிக்கப் போனாள்.

காத்திருப்பு வீட்டில் இப்போது உடைந்த கட்டில்களும் தடுப்பூசிப் பெட்டிகளும் இருக்கின்றன. எப்போதாவது இரண்டு பேர் தங்குகிறார்கள். பின்சுவரோரம் கல் கூட்டிச் சமைத்ததில் சுவர் கறுத்துப்போய், வெள்ளையடித்து, இங்கே சமைக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

நான் வேறொரு ஆபீஸில் சேர்ந்து பதினொரு மாதம் ஆகிறது. ஒரு பள்ளிக்கூடம் செய்துகொண்டிருக்கிறோம். ஆறு கட்டடம், ஆறு லிங்க், இரண்டு கட்டடத்தில் ஆப்ஷன்கள். போன வாரம் இங்குள்ள மேலதிகாரி, ஒன்று முடிவாகிவிட்டது, மற்றதை எடுத்துவிடு என்றார். இரண்டையும் பிரிண்ட் எடுத்து அவர் மேசையில் வைத்து, எது வேண்டுமோ அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் சார் என்றேன். இதுக்கெல்லாமா கையெழுத்து என்று அவர் முகம் சுளித்தார். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பேனாவை எடுத்தார்.